நாய் சொறிகிறதா? 'டேப்' ஒட்டினால் கிருமி சிக்கும்!

நாய் ராத்திரி பகலாகச் சொறிகிறது. பூனை காதில் கறுப்பு அழுக்கு. உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். "போன தடவை கொடுத்த அதே மாத்திரை கொடுப்பா" என்று வாங்கி வருகிறார்கள். இது தவறு! சொறி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். காரணம் வேறு வேறு.

கையும் களவுமாக

டாக்டர் புண் மேல் கண்ணாடி 'ஸ்லைடு' ஒன்றை அழுத்தி எடுப்பார். விரல் இடுக்கு என்றால் செலோ டேப்பை ஒட்டி உரிப்பார். காதுக்குப் பஞ்சுக் குச்சி. அதில் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் 1,000 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். சில நிமிட வேலைதான். கிருமி கையும் களவுமாகப் பிடிபடும்!

நீலப் புள்ளிகள் தெரிந்தால் பாக்டீரியா. வெள்ளை அணுக்கள் அதை விழுங்கிக் கொண்டிருந்தால் நிஜத் தொற்று. நிலக்கடலை போல இடுப்பு ஒடுங்கி இருந்தால் 'மலாசேசியா' காளான்.

பணம் பாழ்

காளானுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அது சாகாது. பணம்தான் பாழ். கண்டபடி கொடுத்தால் பாக்டீரியாவும் மருந்துக்கு மசியாது. அப்படி மசியாத 'ஸ்டெபைலோகாக்கஸ்' பல நாடுகளில் நாய்களைப் பாடாய்ப் படுத்துகிறது.

எல்லாமே டேப்பில் சிக்கிவிடாது. தோலுக்குள் பதுங்கும் சொறிப்பூச்சிக்குச் சுரண்டிப் பார்க்க வேண்டும். படர்தாமரைக்குத் தனிச் சோதனை உண்டு. அது வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒட்டும், உஷார்!

நாயைக் குளிப்பாட்டாமல், காதைத் துடைக்காமல் கொண்டு போங்கள். தடயம் அழிந்துவிடும்! ஊசி போடும் முன், "ஸ்லைடில் பார்த்தீங்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.