மடித்து வைக்கும் பட்டறை!

குட்டீஸ்... காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்ற கிராமம் இருக்கிறது. அந்த வட்டாரம் முழுக்க கார், லாரி, மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் பெரிய பெரிய தொழிற்சாலைகள்தான். ஆனால், இவை எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே ஒரு, 'தொழிற்கூடம்' இருந்திருக்கிறது!

கடந்த 2022ல், இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே தோண்டிப் பார்த்தனர். கைக்கோடரி, சுரண்டும் கருவி என, ஏராளமான கல் கருவிகள் கிடைத்தன. அவை சுமார் 12 ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை என்றும், இங்கேயே செய்யப்பட்டவை என்றும் ஆய்வாளர்கள் தெரிவித்தனர்.

அந்தக் காலத்தில் மேசை ஏது? கல்லைக் கையில் பிடித்தோ, தொடை மேல் வைத்தோ, இன்னொரு கல்லால் தட்டிச் செதுக்குவதுதான் கற்கால மனிதர்களின் வழக்கம். நம் ஊர் தச்சர்கள் தரையில் அமர்ந்து, மரத்தைக் காலால் அழுத்திக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கல்லோ, மரமோ... ஆடாமல் இருந்தால்தான் வேலை சுத்தமாக வரும். ஆடினால், பொருளும் வீண், விரலுக்கும் ஆபத்து!

தொழிற்சாலையில் கனமான மேசையும், பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸும் இருக்கும். சின்ன வீட்டில் அதற்கு இடம் எங்கே?

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர், ரான் ஹிக்மன். தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தில் கார்களை வடிவமைத்தவர். 1961ல், வீட்டில் அலமாரி செய்யும்போது, மரத்தை ஒரு நாற்காலி மேல் வைத்து அறுத்தார். மரத்தோடு சேர்த்து, அந்த விலை உயர்ந்த நாற்காலியையும் அறுத்துவிட்டார்!

அப்போதுதான் யோசனை பிறந்தது. மடித்து ஓரமாக வைக்கக் கூடிய மேசை ஒன்றை உருவாக்கினார். அதன் மேல்பகுதி ஒரே பலகை அல்ல, இரண்டு பலகைகள். கைப்பிடிகளைத் திருகினால், ஒரு பலகை நகர்ந்து வந்து, இடையில் வைத்த மரத்தைக் கவ்விக்கொள்ளும். மேசையே வைஸ்! கீழே இருக்கும் படியில் ஒரு காலை ஊன்றினால், நம் எடையே மேசையை ஆடாமல் நிறுத்தும்.

பல நிறுவனங்களிடம் காட்டினார். 'இது விற்காது' என்று திருப்பி அனுப்பின. அவர் சோர்ந்து போகவில்லை. 1968 முதல் தானே தயாரித்து விற்றார். மக்கள் விரும்பி வாங்கினர். முதலில் மறுத்த பிளாக் அண்டு டெக்கர் நிறுவனமே பிறகு தேடி வந்து, 1970களில் தயாரிப்பைத் தொடங்கியது. 'ஒர்க்மேட்' என்ற அந்த மேசை, உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் விற்றது. ஹிக்மன், 2011ல் காலமானார்.

இதைவிட எளிய, 'குட்டிப் பட்டறை' ஒன்றை நீங்களே செய்யலாம். அப்பாவையோ, அம்மாவையோ உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தேவை: 30 செ.மீ., நீளம், 20 செ.மீ., அகலம் உள்ள தடித்த பலகை. 20 செ.மீ., மற்றும் 17 செ.மீ., நீளத்தில் இரண்டு ரீப்பர் துண்டுகள். தச்சுப் பட்டறையில் மிச்சமான மரமே போதும்.

1. பலகையின் ஒரு முனையில், அடிப்பக்கத்தில் பெரிய துண்டைப் பசையும், ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துங்கள்.

2. எதிர் முனையில், மேல்பக்கத்தில் சின்னத் துண்டை, இடது ஓரத்தை ஒட்டிப் பொருத்துங்கள். வலது பக்கம் 3 செ.மீ., இடைவெளி கிடைக்கும். (இடது கைக்காரர்கள், இடது பக்கம் இடைவெளி விடவும்.)

3. பசை காய்ந்ததும், அடித்துண்டு மேசை விளிம்பில் மாட்டும்படி பலகையை மேசை மேல் வையுங்கள்.

இனி, அறுக்க வேண்டிய மரத்தை மேல் துண்டோடு சேர்த்து, இடது கையால் அழுத்திப் பிடியுங்கள். ரம்பத்தை முன்னே தள்ளும்போது மரமும் முன்னே ஓடப் பார்க்கும். மேல் துண்டு தடுக்கும். பலகையும் கூடவே நகரப் பார்க்கும், அடித்துண்டு தடுக்கும். இடைவெளி விட்ட பக்கத்தில் அறுத்தால், ரம்பம் பலகையில்தான் படும், மேசை தப்பிக்கும்! வேலை முடிந்ததும் புத்தக அலமாரியில் செருகி வைக்கலாம்.

ரம்பத்தை எடுக்கும் முன், மரத்தை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அசைந்தால்... ரம்பம் காத்திருக்கட்டும், குட்டீஸ்!