உங்கள் பாட்டியின் பாட்டி பெயர் தெரியுமா?



தலைப்பில் உள்ள கேள்விக்கு உடனே பதில் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம். எனக்குத் தெரியாது. சமூக அறிவியல் டீச்சர் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னபோதுதான் அது எனக்கே புரிந்தது. அப்பா பக்கம் ஆறு தலைமுறை சார்ட்டில் ஏறிவிட்டது. அம்மா வழியில் என் அம்மா, அம்மிச்சி, அம்மிச்சியின் அம்மா, அதோடு சரி. ஏன் இப்படி என்று விசாரித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி. வெளிநாட்டில் பல இடங்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதே பெயர் வரும். நமக்கு இருப்பது இனிஷியல். அப்பா பெயரின் முதல் எழுத்து. அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். அதனால் இனிஷியலைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் பின்னால் போக முடியாது.

ஆனால் நம் கொங்கு நாட்டில் வேறு ஒரு வழி இருக்கிறது. அதுதான் 'கூட்டம்'. ஆந்தை கூட்டம், காடை கூட்டம், தூரன் கூட்டம் என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். 1954-லிருந்து வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் ஈரோடு பக்கத்துக்காரர். அவர் பெயரில் இருக்கும் 'தூரன்' கூட்டப் பெயர்தான். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அண்ணன் தம்பி முறை. அதற்குள் கல்யாணம் செய்ய மாட்டார்கள். கூட்டத்துக்கு ஒரு குலதெய்வக் கோயில் இருக்கும். அங்கே கூடும் பெரியவர்களைக் கேட்டால் முன்னோர் பெயரை வரிசையாகச் சொல்வார்கள். அப்பா பக்கம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. மீதி, அப்பாருவின் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய பத்திரத்தில் கிடைத்தது. அதில் 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதியிருந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் சொந்தம் என்று உடனே முடிவு செய்யக்கூடாது. இங்கிலாந்தில் ஸ்மித் என்ற பெயர் ஏராளம். அதற்குக் கொல்லர் என்று பொருள். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் ஊருக்கு ஊர் ஸ்மித் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே குடும்பம் இல்லை. ஊர், காலம், பெற்றோர் பெயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

சரி, அம்மா பக்கம் ஏன் நின்றது? பெண்கள் கல்யாணம் ஆனதும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கோயிலில் வரிசையாகச் சொல்வது ஆண்கள் பெயரைத்தான். பத்திரத்திலும் அப்படித்தான். நம் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்ததே 1989-ல்தான். இந்தியா முழுவதற்கும் 2005-ல் வந்தது. நிலமே இல்லாத வீடுகளில் பத்திரத்துக்கே வழியில்லை. அதற்காக அவர்களுக்கு முன்னோர் இல்லை என்று ஆகிவிடுமா?

இங்கே குவேக்கர்கள் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்கள் 1650 வாக்கில் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். 'நண்பர்கள்' என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் தங்கள் கூட்டங்களிலேயே பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அரசாங்கம் அங்கே பதிவைத் தொடங்கியது 1837-ல்தான். அதனால் முன்னோரைத் தேடுபவர்களுக்கு அந்தப் பழைய நோட்டுகள் பெரிய உதவி. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கல்யாணம். பாதிரியார் கிடையாது. மணமக்கள் எழுந்து நின்று உறுதி சொல்வார்கள். பிறகு வந்திருக்கும் எல்லோரும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள், பெண்கள் உட்பட!

இதைக் கேட்டதும் நம் மொய் நோட்டு ஞாபகம் வந்தது. அதிலும் கல்யாணத்துக்கு வந்தவர் ஊர், பெயர் எல்லாம் இருக்குமே! அம்மிச்சி வீட்டுப் பரணில் இருந்த மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஆண்கள் பெயர்தான்.

அம்மிச்சியையே கேட்டேன். "உங்க அம்மாயி பேரு என்னங்க அம்மிச்சி?"

"அம்மாயினு தான் கண்ணு கூப்பிடுவோம். பேரு சொல்லி யாரு கூப்பிட்டா?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்க சீரா கொண்டுவந்த குடம் ஒண்ணு இருக்குது, பாரு" என்றார்.

பித்தளைக் குடம். சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவது வழக்கம் அல்லவா? கழுத்துப் பக்கம் எழுத்து இருந்தது. புளி போட்டு விளக்கி விளக்கித் தேய்ந்துபோய் 'நா' மட்டும்தான் தெரிகிறது. நாச்சாயியா, நாகாத்தாளா என்று அம்மிச்சிக்குத் தெரியவில்லை. "கேட்டு வெக்காம போயிட்டனே சாமி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் சார்ட்டில் அந்தக் கட்டத்தில் 'நா' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. வீட்டில் வயதில் மூத்தவரிடம் இந்த வாரமே கேளுங்கள். பெண்கள் பெயரையும் பிறந்த ஊரையும் மறக்காமல் கேளுங்கள்.

2. பத்திரம், வாரிசுச் சான்றிதழ், குடும்ப அட்டை, மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய பாத்திரம் எல்லாவற்றையும் பாருங்கள்.

3. யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்று தேதி போட்டு எழுதுங்கள்.

4. போட்டோவின் பின்புறம் பெயர் எழுதி வையுங்கள்.

யார் குடும்பம் பெரியது என்று காட்டுவதற்காக இதைச் செய்ய வேண்டாம். நம்மை வளர்த்தவர்களை வளர்த்தவர்கள் பெயர் நமக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி