பாவித்த காரை நம்பலாமா?

முதன்முதலாகக் கார் வாங்க எண்ணும் நடுத்தரக் குடும்பம் பெரும்பாலும் பாவித்த காரையே நாட வேண்டியிருக்கின்றது. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆயினும் புதுக் காரின் மீதுள்ள வரி பெரிது. ஆதலின் பல ஆண்டுச் சேமிப்பும், அது போதாதவிடத்து இல்லத்தரசியின் நகையும், முன்பின் அறியாத ஒருவர் ஓட்டிய வண்டிக்குப் போய்ச் சேருகின்றன. அவ்வண்டி நம்பத்தக்கதா என்று அறிவது எங்ஙனம்?

நம்மவர் முதலிற் பார்ப்பது மீற்றரை. 30,000 கிலோமீற்றர் என்று கண்டதும் மனம் குளிர்ந்துவிடுகின்றது. ஆனால் மீற்றரைப் பின்னோக்கித் திருப்புவோர் உளர். பிரேக் மிதியின் இறப்பரையும் சாரதியாசனத்தின் விளிம்பையும் திருப்புவார் இலர். அவை தேய்ந்து நைந்திருப்பின் மீற்றரின் பேச்சை நம்புதற்கில்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 எனின், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். 2015ஆம் ஆண்டுக் கார், 30,000 கிலோமீற்றரே ஓடியதென்று சொல்லிக்கொண்டு, 2021இல் செய்த நான்கு டயர்களுடன் நிற்குமாயின், பழைய டயர்கள் ஏன் மாற்றப்பட்டன என்று கேட்பது நமது உரிமை.

குறைவாக ஓடியது உண்மையாகவே இருக்கவுங்கூடும். 2022இல் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது எத்தனையோ கார்கள் கொட்டகையில் உறங்கின. அதுவும் நன்மையன்று. நெடுநாள் ஓடாது நின்ற காரின் பற்றரி வலுவிழக்கும். இறப்பர்க் குழாய்கள் வெடிக்கும். பிரேக் தட்டுகளில் துரு ஏறும்.

காலையிலே, கார் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்த்தல் வேண்டும். நாம் சென்றடையுமுன் எஞ்சின் சூடேறியிருப்பின், காரணம் கேட்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் புகைக்குழாயைக் கவனியுங்கள். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னரும் ஓயாத வெண்புகை, குளிரூட்டும் நீர் எஞ்சினுள்ளே கசிவதைக் காட்டும். இரண்டும் பெருஞ்செலவுக்கு அறிகுறிகள்.

ஹைபிரிட் கார்களைப் பொறுத்தவரை, எஞ்சினைவிடப் பெரிய பற்றரியின் நிலையே முக்கியமானது. அதனைக் குளிர்விக்கும் காற்றுத்துவாரம் பல கார்களிற் பின்னாசனத்தின் அருகிலே இருக்கும். பையையும் துணியையும் வைத்து அதனை அடைத்து ஓட்டிய வண்டியின் பற்றரி விரைவிற் கெடும். கணினி கொண்டு பற்றரியைச் சோதிக்கவல்ல கராஜில் காட்டாமல் ஹைபிரிட் காருக்கு முற்பணம் கொடுத்தலாகாது.

எந்த இனக் கார் என்பதிலும் நிதானம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1990களில், பெற்றோல் கிடையாதிருந்த நாளிலே, பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சொட்டுப் பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியதை முதியோர் மறந்திரார். அவற்றின் எஞ்சின் எளிமையானது. ஊர் மெக்கானிக்குக்கு அதன் ஒவ்வொரு திருகாணியும் தெரியும். இன்றைக்கும் அக்கணக்கே பொருந்தும். அழகிய, ஆனால் அபூர்வமான காரைவிட, பழுதுபார்க்கத் தெரிந்தவரும் உதிரிப்பாகமும் அண்டையிற் கிடைக்கும் சாதாரணக் காரே முதற்கொள்முதலுக்கு ஏற்றது.

பத்திரங்களிலும் பொறி உண்டு. உரிமையாளரின் கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குவோர் பெயரை எழுதாது விட்ட மாற்றப் பத்திரத்துடன் கைமாறும் கார்கள் பல. 'ஓப்பன் பேப்பர்' என்பர். பதிவிலுள்ளவர் வெளிநாடு சென்றிருப்பினும் இறந்திருப்பினும் பெயர்மாற்றம் பெருந்தொல்லையாகும். எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துள்ளனவா, கடன் கொடுத்த நிறுவனத்தின் உரிமை நீக்கப்பட்டதா என்பவற்றைப் பணம் கொடுக்குமுன் மோட்டார் வாகனத் திணைக்களத்தின் பதிவைக் கொண்டு உறுதிசெய்தல் வேண்டும்.

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாது, டயர், பற்றரி, பிரேக் முதலியவற்றுக்கென ஒரு பங்கை ஒதுக்குதலும் அவசியம்.

இறுதியாக, விற்பவரின் தெரிவன்று, நமது தெரிவான மெக்கானிக் ஒருவர் காரைத் தூக்கி அடியிற் பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதியாத தரகர், இன்னொருவர் காசுடன் வந்துகொண்டிருக்கிறார் என்று அவசரப்படுத்துவார். வரட்டும், அவரே வாங்கிச் செல்லட்டும்.