கழுத்துறைக் கத்தி

மனிதன் கைக்கொண்ட கருவிகளுள் கத்தியைப்போல் நெடுங்காலம் அவனோடு உடனுறைந்தவை மிகச் சிலவே. 1991ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் பனியினின்றும் வெளிப்பட்ட, ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனுடலோடு சிறு கற்கத்தியொன்றும் நாராற் பின்னிய அதன் உறையும் கிடைத்தன. இடைக்கச்சிற் பிணித்தற்கென அவ்வுறையிலே தோற்கண்ணியொன்றும் இருந்தது. இடையே கத்திக்கு இயல்பான இடம். நம் நாட்டிலே கள்ளிறக்குவோரும் பாளைக்கத்தியை இடையிற் கட்டிய கூட்டிலேயே செருகுவர். அங்ஙனமாக, அதனைக் கழுத்திலே தொங்கவிடுதல் எற்றுக்கு?

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ வாழ்ந்த பழங்குடியினர் 18ஆம் நூற்றாண்டில் அணிந்த கழுத்துறைகள் அருங்காட்சியகங்களில் உள. முள்ளம்பன்றியின் முட்களைச் சாயந் தோய்த்துத் தைத்த அழகிய தோலுறைகள் அவை. படகிலே மடங்கியிருப்போர்க்கு இடை எட்டாது. மார்போ இரு கைக்கும் எட்டும். நமது வாவியிலே தோணியிற் குந்தியிருந்து வலையிழுப்பவரை நோக்கின் இதன் பயன் விளங்கும். வலைக்கயிறு ஒரு கையைச் சுற்றிக்கொண்டால் மறுகை ஒன்றே எஞ்சும். அக்கை சாரத்து மடிப்பினுள்ளே கத்தியைத் தேடிக்கொண்டிருத்தற்கு நேரமில்லை.

கழுத்திலே படைக்கலம் அணிதல் தமிழர்க்கும் புதிதன்று. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னுந் திருமாலின் ஐம்படைகளைச் சிற்றுருவாக்கிக் குழந்தைகளுக்குத் தாலியாக அணிவித்தனர்; மணிமேகலையிலே மழலையின் வாய்நீர் நனைக்கும் ஐம்படையைக் காண்கிறோம். ஆயின் அவ்வாள் காப்பதற்கன்றி அறுப்பதற்கன்று. நாம் பேசுவது அறுக்குங் கத்தியை.

கழுத்துறைக் கத்தி மடங்காதது. அலகு மூன்று அங்குலத்துள் அடங்கல் நன்று. நீண்டால் குனியுந்தோறும் மார்பிலே மோதும். இரும்பு அலகினின்றும் பிடியின் கடைசிவரை ஒரே துண்டாய்ச் செல்லல் வேண்டும். கொல்லர் பலர் பழைய லொறியின் வில்லுத்தகட்டினின்றே இதனை அடிப்பர். அடித்த அலகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுவர். ஏறத்தாழ 770 பாகையில் இரும்பைக் காந்தம் பற்றாதொழியும். அதற்குச் சற்று மேலே சென்றதும் எண்ணெயில் தோய்ப்பர். அப்பொழுது அது கண்ணாடிபோற் கடினமாகும். கண்ணாடிபோல் உடையவுஞ் செய்யும். ஆதலின் தேய்த்து வெளிறாக்கி, மறுபடியும் மெல்லச் சூடாக்குவர். 200 பாகையைக் கடந்ததும் வைக்கோல் நிறம் படரும். அங்கே நிறுத்தினால் கூர் நிற்கும். நீலம் ஏறிவிட்டால் அலகு மெதுத்துவிடும். இந்நிறத்தைக் கண்ணாலே பிடிப்பதுதான் கொல்லனது கல்வி.

இக்கல்வி இத்தீவிலே பழமையானது. செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளைக்கு ஏறும் வீதி சென்றடையும் மலைநாட்டின் தென்சரிவிலே, சமனலவெவ என்னுமிடத்தில், 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றின் விசையையே துருத்தியாகக் கொண்டு இரும்புருக்கினர். இதனைக் கில்லியன் ஜூலெஃப் 1996இல் நேச்சர் இதழிலே விளக்கினார். அவர் மீளக் கட்டிய உலையிலே உயர்கரி எஃகும் கிடைத்தது.

எனினும் கத்தியைவிட உறையே அருமையானது என்பது எமது கருத்து. கழுத்துறை பெரும்பாலும் தலைகீழாகத் தொங்கும். பிடியைப் பற்றிக் கீழே ஒருமுறை இழுத்தால் அலகு கைக்கு வரவேண்டும், இழுக்காதபோது விழவுங் கூடாது. தோலை நனைத்து, மெழுகுசீலையிற் சுற்றிய கத்தியின்மேல் அழுத்தி உலரவிட்டால் அது கத்தியின் உருவையே கொள்ளும். அணியுமுன் தலைகீழாகப் பிடித்து வலிந்து உதறிப் பார்த்தல் வேண்டும். உறையின் முனை தடித்திருத்தலும் இன்றியமையாதது. முகங்குப்புற விழுபவனது நெஞ்சுக்கும் கத்தி நுனிக்கும் இடையே நிற்பது அதுவொன்றே. தோல் உப்பு நீரை உறிஞ்சி வைத்து அலகைத் துருவேற்றுமாதலின், வாவித் தொழிலாளர்க்கு வெப்பத்தால் இளக்கி வார்ப்பிக்கும் பிளாத்திக்கு உறையும் துருவேறா எஃகுமே பொருந்தும்.

இனிக் கயிறு. அறியாதார் இதற்கு அறாத நைலோன் கயிற்றைத் தேர்வர். அது மரக்கிளையிலோ இயந்திரத்திலோ ஓடும் வலையிலோ மாட்டினால், உயிர்காக்க அணிந்தது கழுத்தை இறுக்கிவிடும். ஆகவே பிடரிப்புறத்திலே, வலிந்திழுத்தால் அறும்படி, மெல்லிய நூலால் ஒரு முடிச்சு இடுவர். குண்டுமணிச் சங்கிலியும் இழுவைக்குக் கழன்றுவிடும். கத்தியின் எடையைத் தாங்கவேண்டும், மனிதனது எடையைத் தாங்கக்கூடாது; அந்நூலின் அளவு அதுவே. வெயிலிலும் உப்பிலும் அது விரைவில் இற்றுப்போமாதலின் அடிக்கடி மாற்றிக் கட்டுவது நலம்.