கடலோர விருந்தாளிகள்

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறீர்களா சகோதரிகளே? கோட்டை, பொது நூலகம், கசூரினாக் கடற்கரை என்று பார்க்க வேண்டிய இடங்களைக் குறித்து வைத்திருப்பீர்கள். பறவைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள முதியவர் முதல் சின்னஞ்சிறுசு வரை எல்லோரும் சேர்ந்து ரசிக்கக்கூடியது இது.

எப்போது, எங்கே?

வட நாடுகளில் குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மைல்கள் பறந்து பறவைகள் இங்கு வருகின்றன. ஒக்டோபரில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை தங்குகின்றன. மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் குடும்பத்தோடு போக ஏற்றது.

கோட்டையருகே பண்ணையிலிருந்து மண்டைதீவுக்குச் செல்லும் பாதையின் இருபுறமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. நேரமிருந்தால் சுண்டிக்குளத்துக்கும் போகலாம். 1938இல் பறவைகள் சரணாலயமான அந்த இடம், 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எதைப் பார்ப்பது?

தலையைக் கவிழ்த்து நீரை வடித்து இரை தேடுவது பூநாரை. உண்ணும் இரையிலுள்ள நிறப்பொருளே அதற்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள். பிளவுபட்ட வாலுடன் வானிலிருந்து செங்குத்தாக நீரில் பாய்ந்து மீன் பிடிப்பது ஆலா. நீரின் மேற்பரப்பில் பொறுக்கித் தின்பது கடற்காகம். இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்துக் கூவுவார்கள்.

ஓட விரட்டாதீர்கள்

கூட்டமாக நிற்கும் பறவைகளைக் கண்டதும் கைதட்டி எழுப்பிவிடுவது பிள்ளைகளின் வழக்கம். படம் பிடிப்பதற்காகப் பெரியவர்களும் அதைச் செய்கிறோம். அது வெறும் விளையாட்டல்ல. 2022இல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அதன் உறவான கருவால் மூக்கன் யாழ்ப்பாணக் கரைக்கும் வருகிறது. இத்தகைய பயணங்களுக்கு உடலில் சேரும் கொழுப்புதான் எரிபொருள். சேற்றில் இரை தேடும் நேரத்தில் நாம் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

கோடை மாதங்களில் வெறும் மணலில் கால் வைக்கும்போதும் கவனம் வேண்டும். சின்ன ஆலாவும் உப்புக்கொத்தியும் கூடு கட்டுவதில்லை, மணற்குழியிலேயே முட்டையிடுகின்றன. புள்ளியிட்ட அந்த முட்டைகள் கூழாங்கல் போலவே இருக்கும். தாய்ப்பறவை நெடுநேரம் விலகினால், வெயிலின் சூட்டில் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடலாம்.

ஆகவே காலையிலோ மாலையிலோ, வெயில் முதுகில் படும்படி ஓரிடத்தில் அமருங்கள். பாதையோரமாதலால் சிறுவர்களை அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைனாகுலரை முறை வைத்துப் பாருங்கள். பார்த்ததைக் கொப்பியில் வரையச் சொல்லுங்கள். சோற்றுப் பொதி சுற்றிய தாளையும் பொலித்தீன் பையையும் வீட்டுக்கே எடுத்து வாருங்கள். நீங்கள் புறப்படும்போதும் அந்தக் கூட்டம் இரை தேடிக்கொண்டே இருந்தால், பிள்ளைகளைத் தாராளமாகப் பாராட்டுங்கள்.