பெப்டைடு ஊசி: எண்ணைப் பார்க்காமல் ஏற்றாதீர்கள்

“மூளை அழற்சியைக் குறைக்கும் பெப்டைடு” என்று புலனத்திலும் டிக்டாக்கிலும் விளம்பரம் வருகிறது. பக்கவாதம் வந்த அப்பாவுக்கும் மறதி முற்றிய அம்மாவுக்கும் ஜொகூரின் செனாயில் இருந்தபடியே வரவழைத்து, வீட்டிலேயே ஊசி போடுகிறார்கள். ‘ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று குப்பியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தாலும் யாரும் படிப்பதில்லை.

விளம்பரத்தில் பாதி உண்மை; அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். நரம்பணுக்களுக்குத் துணை நிற்கும் கிளியா அணுக்களுக்குப் பெப்டைடுகள் சேதி சொல்வது மெய்தான். சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடு அழற்சியைத் தூண்டும்; விஐபி என்ற இன்னொரு பெப்டைடு, மைக்ரோகிளியா என்ற கிளியா வகையை அடக்குவது ஆய்வகத்தில் தெரிந்தது. ஆனால் ஆய்வகத் தட்டிலும் எலியிலும் கண்டது மனிதருக்கு மருந்தாகிவிடாது. பரவலாக விற்கும் பிபிசி-157ஐப் பெரிய அளவில் மனிதரிடம் சோதித்ததே இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

மலேசியாவில் மருந்துக்குப் பதிவு எண் உண்டு: எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கங்கள், பிறகு எழுத்து. அந்த எழுத்து ‘டி’ என்றால் பாரம்பரிய மருந்து, ‘என்’ என்றால் ஊட்டச்சத்து. இவை இரண்டும் ஊசியாக வரவே முடியாது. ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கினால் அது முகப்பூச்சு போன்ற ஒப்பனைப் பொருளுக்கானது. எண் அச்சாகியிருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் குவெஸ்ட் 3 பிளஸ் தளத்தில் தட்டி, வரும் பெயரும் குப்பியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

பதிவில்லாத மருந்தை விற்பது 1984ஆம் ஆண்டு விதிமுறைப்படி குற்றம். தனிநபருக்கு முதல் முறையே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். ஆனால் புகார் இல்லாமல் வழக்கு நகர்வது கடினம். ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக் குப்பியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள்! குப்பி, பெட்டி, பொட்டலத்தில் ஒட்டிய முகவரிச் சீட்டு, பணம் கட்டிய ரசீது, விற்றவரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஜொகூர் மாநில சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். பக்கவிளைவு வந்திருந்தால் ஒழுங்குமுறை முகமையின் பயனீட்டாளர் படிவத்தையும் நிரப்புங்கள். அதிகாரிகளும் இந்த எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட்டு கிளினிக் சுவரில் ஒட்டட்டும். எத்தனை முறைதான் கேட்பது?

கட்டிய பணத்தை மீட்கப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. படிவம் 1, கட்டணம் 5 ரிங்கிட், உச்சவரம்பு 50,000 ரிங்கிட், 3 ஆண்டுக்குள் போட வேண்டும். விற்றவரின் முகவரி தெரியாமல் படிவத்தைச் சேர்ப்பிக்க முடியாது. அதனால்தான் முகவரிச் சீட்டைக் கிழிக்காதீர்கள் என்கிறேன். உடலுக்கு நேர்ந்த கேட்டுக்கு அங்கே இழப்பீடு கேட்க இயலாது, அதற்கு நீதிமன்றம்தான்.

காய்ச்சலோடு குழப்பம், கழுத்து விறைப்பு, வலிப்பு வந்தால் அதுதான் உண்மையான மூளை அழற்சியாக இருக்கலாம். வாய் கோணினாலோ கை துவண்டாலோ பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். எதையும் ஏற்றாமல் உடனே 999ஐ அழையுங்கள். ஏற்கெனவே பெப்டைடு போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் குப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.