தேடுபொறியில் முளைக்கும் களைகள்

ஊழியர் சேமநிதியில் 55 வயதிற்குட்பட்டோரின் கணக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் முதல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. வேண்டும்போது பணம் எடுக்கத்தக்க கணக்கும் அவற்றுள் ஒன்று. அதனை அறிய விழையும் தோட்டத் தொழிலாளர் ஒருவர், கைப்பேசியில் கூகுள் தேடுபொறியை நாடுகிறார் எனக் கொள்வோம். நொடியில் பட்டியல் வருகிறது. முதலில் நிற்பதே நம்பத் தகுந்தது என்றெண்ணி அதனைத் தொடுகிறார். அங்கே ஒரே செய்தி நான்கு வகையாகத் திருப்பிச் சொல்லப்பட்டிருக்கிறது, இடையிடையே விளம்பரங்கள். இறுதியில் அடையாளக் கார்டு எண்ணைக் கேட்கும் கட்டம் ஒன்று!

இத்தகைய பக்கம் முன்வரிசைக்கு வந்தது எவ்வாறு?

1998இல் நிறுவப்பட்ட கூகுள், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் சுட்டிக்காட்டுவதை வாக்குப்போல் மதித்தது. முறை நல்லதே. ஆயினும், வாக்கு உள்ள இடத்தில் கள்ள வாக்கும் உண்டன்றோ? விளம்பர வருவாயை நாடுவோர், ஒன்றையொன்று சுட்டும் போலிப் பக்கங்களைக் குவிக்கலாயினர். பாலில் நீர் கலந்து எடையைக் கூட்டும் தந்திரத்தை நாம் அறிவோம். நீர் போக எஞ்சும் ரப்பரைச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கூகுளும் அவ்வாறே சோதனையை இறுக்கியது. 2011இல் 'பாண்டா' எனும் மாற்றம் சரக்கற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2012இல் 'பெங்குவின்' போலிச் சுட்டுகளின் மீது பாய்ந்தது.

கலப்போரும் வாளாவிருக்கவில்லை. நற்பெயர் பெற்ற இணைய முகவரியொன்றின் உரிமைக்காலம் முடிந்ததும், அதனை விலைக்கு வாங்கிப் பயனற்ற பக்கங்களால் நிரப்பினர். கைவிடப்பட்ட தோட்டத்தில் லாலான் மண்டிக் கிடக்க, பெயர்ப்பலகை மட்டும் பழையபடி நிற்பதைப் போன்றது இது. கணினியே நொடியில் கட்டுரை எழுதும் காலம் வந்தபின் குவியல் மேலும் பெருகிற்று. இவ்விரண்டையும் தடுக்கும் விதிகளைக் கூகுள் 2024 மார்ச்சில் அறிவித்தது. களை எடுத்த நிலத்தில் மீண்டும் களை முளைப்பது நமக்குப் புதிதன்று.

ஆகவே, பட்டியலின் வரிசையைவிட முகவரியின் முடிவையே நாம் உற்றுநோக்க வேண்டும். மலேசிய அரசாங்க இலாகாக்களின் இணையப் பெயர் 'ஜிஓவி புள்ளி எம்ஒய்' என முடியும். சேமநிதி வாரியத்தின் பெயரும் அவ்வாறே. அவ்வெழுத்துகள் நடுவில் வந்து, பின்னர் வேறு பெயர் தொடருமாயின் அது அரசாங்கத்தினுடையது அன்று. ஐயமிருப்பின், படித்த பிள்ளைகளிடம் காட்டிய பின்னரே கட்டத்தை நிரப்புக.

ஏமாந்து பணம் பறிபோயிருந்தால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. உடனே தம் வங்கிக்கோ, 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எனும் எண்ணுக்கோ தெரிவித்தல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.